பனியில் ஊசியை நம்பு

ஹேசல் ஆல்டர்சனைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் எங்கள் ஸ்கார்பெக் ஊரில் கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க அவளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். ஆனாலும் நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் அவளை உத்தமி ஆக்கிவிடுவார்கள். அவள் உத்தமியெல்லாம் இல்லை. சிரித்தால் மூக்கிலிருந்து சத்தம் வரும். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டாள். சீட்டாட்டத்தில் கொஞ்சமும் கூசாமல் ஏமாற்றுவாள்.

பள்ளத்தாக்கின் மேல்கோடியில், ஓர் ஆட்டுப் பண்ணையில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தாள். நானும் அவளும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு அதே பள்ளியின் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். முப்பத்தெட்டு வருடமாக இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எந்தப் பிள்ளை பட்டாணியைச் சட்டைப் பையில் ஒளிக்கும், எந்தப் பிள்ளை வீட்டில் காலையில் சாப்பிடாமல் வரும் என்பதெல்லாம் தலைமை ஆசிரியருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். நான் அதே காலத்தில் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிட்டால் ஊர்க்காரர்கள் பயந்துகொண்டு வாயைத் திறப்பார்கள், அவள் கூப்பிட்டால் ஆசையாகத் திறப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணவன் டெட், சாலையில் பனி வழுக்காமல் உப்பு தூவும் லாரி ஓட்டுகிறான். பனி எப்போது வரும் என்பது வானொலிக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள மேல்பாதைக்குப் போயிடு, செல்லம். பத்து மணிக்கு நான் உப்பு போட்டுடுவேன், அப்புறம் பனியெல்லாம் சேறாயிடும், ஒண்ணும் நல்லா இருக்காது" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போகிற ஆள். என் கணவர் லீட்ஸ் நகரத்துக்கு ஒரு கூட்டத்துக்கு என்று போனவர், திரும்பி வரவில்லை. அந்த வருடம்தான் நான் முதல் கேமரா வாங்கினேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

இருபத்திரண்டு வருடமும் குளிர்காலத்தில் நான் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணலாம். முதலில் ஃபிலிம், பிறகு டிஜிட்டல், பிறகு அதைவிடப் பெரிய டிஜிட்டல். தோளில் முக்காலி, முதுகில் மூன்று லென்ஸ், உள்பையில் உடம்புச் சூட்டில் ஒரு மாற்று பேட்டரி. ஒரு நடைக்கு முந்நூறு படம் எடுப்பேன். பிறகு ஒரு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதை அழிப்பேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு கோப்பைக்கு. சிரிக்க வேண்டாம். எங்கள் புகைப்படக் கழகத்தில் பதினான்கு பேர். சர்ச்சின் பின்கூடத்தில் செவ்வாய்க்கிழமை கூடுவோம். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் முதல் சனிக்கிழமை, குளிர்காலக் கோப்பை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி முடியும் வரை, இந்தப் பள்ளத்தாக்குக்குள், காலால் நடந்து போய் எடுத்த படமாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு படம். நான் ஐந்து முறை இரண்டாவதாக வந்திருக்கிறேன். ஒன்பது வருடமாக அந்தக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெயின்பிரிட்ஜ், போன கோடையில் மகளோடு இருக்கப் போய்விட்டார். வண்டியில் அவர் சாமான் ஏறும்போது நான் கையசைத்து வழியனுப்பினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வருடம் என் முறை என்று கழகமே பேசிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, சர்ச் பழைய பொருள் விற்பனையில் ஹேசல் ஒரு ஃபிலிம் கேமரா வாங்கினாள். துண்டுகள் பாதி தொலைந்த புதிர்ப்பெட்டிகளுக்கு நடுவில் கிடந்ததாம். அதில் பேட்டரி வேலை செய்வது, உள்ளே வெளிச்சத்தை அளந்து காட்டும் ஊசிக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் கையால் திருகுவது. அதில் ஸ்லைடு ஃபிலிம் போட்டாள், நெகட்டிவ் இல்லாமல் சுருளிலேயே நேராகக் கலர் படம் விழுமே, அது. ஸ்லைடு ரொம்பக் கறாரானது, வெளிச்சம் கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்காது என்று எச்சரித்தேன். "ஜன்னல்ல வச்சுப் பாக்கலாம்லடி, கலர் கண்ணாடி மாதிரி" என்றாள். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அது அவளுக்கு இரண்டு மாதம் வரும்.

கழகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். தனியாகப் போய் அலுத்துவிட்டது, பேச்சுத் துணைக்கு ஆகும் என்று நினைத்தேன். நவம்பர் மாதக் கூட்டத்தில் அவளுடைய முதல் படத்தை விளக்கடியில் இருக்கும் படத்தாங்கியில் வைத்தார்கள். உறைபனி பிடித்த ஒரு பண்ணைக் கதவு, அதன் கொக்கியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை. அவ்வளவுதான் படம். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செயலாளர் பெர்சிவல் என் பக்கம் குனிந்து, "நீங்க கூட்டிட்டு வந்தவங்கதானே? என்ன கண்ணுங்க அது!" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என் கண்ணைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் முக்காலி நல்ல முக்காலி என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதவை நானும் அன்றைக்குக் கடந்து போனேன். கையுறையைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அதற்குப் பிறகு அவளோடு நடப்பதே எனக்கு வேதனையாகிவிட்டது. அவள் படம் எடுக்க வருகிறவள் மாதிரியே நடக்கமாட்டாள். ஆடுகளிடம் நின்று நலம் விசாரிப்பாள். வேலிக்கு அப்பால் இருக்கும் பண்ணைக்காரரிடம் அவர் முழங்கால் வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவாள். பழக்கேக்கையும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கடித்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவள் போலக் கேமராவைத் தூக்குவாள். ஒரே ஒரு கிளிக். நான் அவள் நின்ற இடத்தில் போய் நின்று பார்ப்பேன். பார்த்தால், ஆமாம், அங்கே ஒரு படம் இருக்கும்.

"என்னடி, என் காலடித் தடத்துலயே வந்து நிக்கிற?" என்பாள்.

"இங்கதான் காத்து கம்மியா இருக்கு" என்பேன்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு, டெட் சொன்னபடியே பனி வந்தது. இரவெல்லாம் பெய்து, காலையில் நின்று, வானம் ஈயம் மாதிரி தாழ்ந்து கிடந்தது. நாங்கள் மேல்பாதையில் ஏறி, கால்வர்ட் பண்ணையின் கல்சுவரில் ஓர் இடைவெளி இருக்குமே, அங்கே போய் நின்றோம். கீழே வயலில் ஐவி கால்வர்ட் மரச் சுத்தியலோடு வந்துகொண்டிருந்தாள். எண்பது வயது. கல் தொட்டியில் தண்ணீர் உறைந்து போயிருக்க, நாற்பது ஆடுகள் தொட்டியைச் சுற்றி அரை வட்டமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் வெள்ளை. இந்த வருடக் கோப்பை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது எனக்கு அப்படியே தெரிந்தது. பக்கத்தில் திரும்பினால், ஹேசலும் கேக்கைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"பெரில், இந்த ஊசி என்னடி எங்கேயோ போய் நிக்குது? இத்தனை வெள்ளையில இது சொல்றத நம்பலாமா?"

கேமரா பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அந்த ஊசிக்கு உலகம் சாம்பல் நிறம் என்று மட்டும்தான் தெரியும். முழுக்க வெள்ளையைக் காட்டினால், ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து குறைக்கச் சொல்லும். அதை நம்பி எடுத்தால் பனி அழுக்குத் துணி மாதிரி கறுத்து வரும். ஊசி சொல்வதைவிட வெளிச்சத்தை ஒன்றரைப் படி கூட்டி வைக்க வேண்டும். எங்கள் கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பனி விழுந்த வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம். ஹேசல் அக்டோபரில் சேர்ந்தவள், இந்தக் குளிர்காலத்தின் முதல் பனியே இதுதான் என்பதால் பனிப் பாடம் அவளுக்கு இன்னும் வரவில்லை. என் கேமராவில் நான் ஏற்கெனவே கூட்டி வைத்து, திரையில் பார்த்து, சரி பண்ணியும் ஆயிற்று. அவளுடையதில் திரை கிடையாது.

"நம்பு. ஊசி சொல்றபடியே வச்சுக்கோ. பனியில ஊசியத்தான் நம்பணும்" என்றேன்.

குரல் நடுங்கவே இல்லை. பல் மருத்துவரின் மேசையில், 'வலிக்கவே வலிக்காது' என்று ஆயிரம் பேரிடம் சொன்ன குரல் அது.

"சரிடி" என்று திருகினாள்.

ஐவி சுத்தியலைத் தூக்கினாள். நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. குளிரில் என் பேட்டரி செத்துப்போயிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, உள்பையில் மாற்று பேட்டரியைத் துழாவிக்கொண்டிருந்தேன். விரல்கள் கட்டைபோல இருந்தன. அப்போது ஹேசல் கைகளைக் குவித்து வயலைப் பார்த்துக் கத்தினாள்:

"ஐவிம்மா! அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க! பெரிலுக்கு பேட்டரி போச்சு!"

"நிக்கிறேன், நிக்கிறேன்! ஆடு நிக்குமான்னு ஆட்டைக் கேளு!" என்று கீழேயிருந்து கிழவி பதில் கத்தினாள்.

ஹேசல் எனக்காகத் தன் படத்தையும் நிறுத்தி வைத்திருந்தாள். நான் பேட்டரி மாற்றி, "ம்" என்றதும் கையை ஆட்டினாள், ஐவி சுத்தியலை இறக்கினாள், இரண்டு கேமராவும் சேர்ந்து கிளிக் என்றன. அந்த நிமிடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இன்னொன்று எடு, வெளிச்சத்தைக் கூட்டு என்று இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. அவளுடைய நல்ல மனசுகூட எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஸ்லைடுகள் பிப்ரவரியில் தபாலில் வந்தன. அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒட்டிப் பார்த்தோம். நினைத்தபடியே வந்திருந்தது. பனி முழுக்க நீலம் கலந்த சாம்பல். ஆடுகள் கறுப்புக் கட்டிகள். ஐவியின் முகம் தெரியவில்லை.

"ரொம்ப இருட்டா இருக்கோ?" என்றாள் ஹேசல்.

"கொஞ்சம்."

"அன்னிக்கு அப்படித்தானேடி இருந்துச்சு? எனக்கு மூக்கே விறைச்சுப் போச்சு." ஸ்லைடை ஜன்னலிலிருந்து பிரித்து எடுத்தாள். "போட்டிக்கு அந்த ஒத்தை மரத்தை அனுப்பலாம்னு இருந்தேன். எது நல்லா இருக்கு, சொல்லு."

ஒற்றை மரம் பனிக்கு முன்னால் எடுத்தது. நல்ல படம், என்னைக் கலக்கிய படம். "தொட்டியை அனுப்பு" என்றேன். என்னுடையதும் தொட்டிதான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் என்னுடையது எப்படிப் பளிச்சென்று நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். கடைக்காரரிடம் ஸ்லைடில் உள்ளது உள்ளபடி பிரிண்ட் போடச் சொல்லி, அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. நடுவராக வேறு ஊர்க் கழகத்திலிருந்து லோரிமர் என்ற நெட்டை மனிதர் வந்திருந்தார். எது யார் படம் என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. பெயர் படத்தின் முதுகில் இருக்கும். அவர் பேசும்போது படத்துக்குச் சொந்தக்காரர் முகத்தில் ஒரு சலனமும் ஆடக்கூடாது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் இதில் நான் கெட்டிக்காரி.

என் படத்தைத் தாங்கியில் வைத்தார்கள். பனி தும்பைப் பூவாக இருந்தது. ஒவ்வொரு ஆட்டின் ஒவ்வொரு ரோமமும் தெரிந்தது.

"குறை சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. வெளிச்சம் சரி, கூர்மை சரி, வெள்ளை சரி" என்றார் லோரிமர். கொஞ்சம் யோசித்தார். "கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில போட்டா நல்லா விக்கும்."

அடுத்தது அவளுடையது. லோரிமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓரடி பின்னால் போனார்.

"அதே தொட்டி. அதே நிமிஷம்னுகூடச் சொல்லலாம்" என்றார். "ஆனா இதைப் பாத்ததும் நான் கோட்டு பட்டனைப் போட்டேன், கவனிச்சீங்களா? அந்த அம்மாவோட முகம் தெரியல. தெரிய வேண்டியதில்ல. அந்தக் குனிஞ்ச முதுகைப் பாத்தாலே எத்தனை வருஷமா இதைச் செய்யறாங்கன்னு தெரியுது. பனின்னா எல்லாரும் வெள்ளையாக்கிடுவாங்க. இவங்க வெளிச்சத்தை வேணும்னே அடக்கியிருக்காங்க. அதுக்குத் துணிச்சல் வேணும். பனியை நல்லாத் தெரிஞ்சவங்கதான் இப்படி எடுக்க முடியும்."

என் முகத்தில் ஒன்றும் ஆடவில்லை. உள்ளே என்ன ஆடியது என்று எனக்குத்தான் தெரியும். நான் கெடுத்த படம்! நான் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிவிட்ட படம்! அது அங்கே விளக்கடியில் நின்று என் கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தது. பெர்சிவல் படத்தைத் திருப்பிப் பெயரைப் படித்ததும் கைதட்டலில் தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. நானும் தட்டினேன், உள்ளங்கை வலிக்க வலிக்கத் தட்டினேன். ஐந்து முறை இரண்டாவது, இப்போது ஆறு.

ஹேசல் எழுந்தாள். முகம் சமையலறைச் சூட்டில் நிற்கிறவள் மாதிரி சிவந்திருந்தது. கோப்பையைப் பிடிக்கத் தெரியாமல் குழம்புச் சட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எனக்குத் துணிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லங்க" என்றாள். "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் பெரில் சொல்லிக் குடுத்ததுதான். அங்க நின்னு நான் கேட்டேன், இத்தனை வெள்ளையில ஊசியை நம்பலாமாடின்னு. நம்பு, பனியில ஊசியத்தான் நம்பணும்னு சொன்னா. அப்படியே வச்சேன். அவ இல்லேன்னா இந்தப் படம் இல்ல. அவளுக்கும் கை தட்டுங்க!"

யாரும் தட்டவில்லை. கூடத்தில் இருந்த மற்ற பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பாடம் தெரியும். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பெர்சிவல் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். லோரிமர், "பனியில... ஊசியை நம்பச் சொன்னாங்களா?" என்று கேட்டு, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அர்த்தம் புரியாதவள் அந்தக் கூடத்தில் ஹேசல் ஒருத்திதான். சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள், நாங்கள் தட்டுவோம் என்று காத்துக்கொண்டு.

கடைசியில் பெர்சிவல், "நல்ல... யோசனைதான், பெரில்" என்றார். இரண்டு பேர் தட்டினார்கள்.

அவளை வீட்டில் விட நான்தான் கார் ஓட்டினேன். பாதி வழியில், பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிச் சொன்னேன். மனசாட்சி என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதனால் சொன்னேன்.

"ஹேசல், பனியில ஊசி பொய் சொல்லும். ஒன்றரைப் படி கூட்டணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்கிட்ட மாத்திச் சொன்னேன்."

அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கேமரா உறையில ஒரு சின்னப் புத்தகம் இருந்துச்சு. அதுல போட்டிருந்தான், பனின்னா கூட்டி வையின்னு. முந்தின நாளே படிச்சேன். படிச்சதனாலதான் உன்னைக் கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ நம்புன்னு சொன்ன. சரி, இருபத்திரண்டு வருஷமா எடுக்கறவ சொல்றா, புத்தகத்துல தப்பா அச்சடிச்சுட்டான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் என் பக்கத்து ஜன்னலை இறக்கினேன். ஆற்றில் பனி உருகிய தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"புத்தகத்தை நம்பியிருந்தா படம் எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"என்னுது மாதிரி."

"அப்படின்னா நல்லவேளை" என்றாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் இறங்கினாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள். பிறகு குனிந்து, ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "நாளைக்கு நான் தனியாப் போறேன், பெரில்."

'டி' போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படி வெறும் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு வேண்டுதல்தான். சர்ச் பக்கம் போய் வருடக் கணக்காகிறது, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு மனமார வேண்டினேன்: கடவுளே, நாளைக்கு அவள் தனியாகப் போகையில் பனி மட்டும் பெய்யக்கூடாது.

காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். முழங்கால் ஆழத்துக்குப் பெய்திருந்தது. மேல்பாதையில் ஒரு ஜோடிக் காலடித் தடம் மட்டும் ஏறிப் போயிருந்தது.